கிழவர் கேட்ட கேள்வி

மூங்கில் வெட்டிப் பிழைக்கும் கிழவர் ஒருவர். ஒருநாள் தோப்பில் ஒரு மூங்கிலின் அடி மட்டும் மின்னுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், கணுவுக்குள் சுமார் 9 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண் குழந்தை. பிள்ளையில்லாத அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி வந்து மனைவியிடம் தருகிறார். கூடையில் வைத்து வளர்க்கிறார்கள். மூன்றே மாதத்தில் அவள் குமரியாகிவிடுகிறாள். பெயர் காகுயா.

'தக்கெத்தோரி மோனோகதாரி' என்ற இந்தக் கதைக்கு ஏறத்தாழ 1,100 வயது. ஜப்பானிய மொழியில் இன்று கிடைக்கும் புனைகதைகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் பொன்னும் வண்ணமும் தீட்டிய கையெழுத்துச் சுவடிகளாக உலவியது. இன்று குழந்தைகளின் படப்புத்தகம். 2013இல் இசாவோ தக்காஹாத்தா இதை அனிமேஷன் படமாக்கினார்.

குழந்தைக் கதைதான், ஆனால் உள்ளே குறும்பு நிறைய. காகுயாவைப் பெண் கேட்டு ஐந்து பிரபுக்கள் வருகிறார்கள். ஒருவரிடம் அவள் கேட்பது, இந்தியாவில் இருக்கும் புத்தரின் கல் திருவோடு. அவர் இந்தியாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மூன்று வருடம் கழித்து உள்ளூர் மலைக்கோயில் ஒன்றில் கரிபிடித்துக் கிடந்த திருவோடு ஒன்றைப் பட்டுப்பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறார். புத்தரின் ஓடு என்றால் ஒளிர வேண்டாமா? இதில் மின்மினி அளவுகூட வெளிச்சம் இல்லை.

கதையின் உயிர் கடைசியில் இருக்கிறது. காகுயா நிலவுலகத்தவள், அங்கே செய்த ஏதோ குற்றத்துக்காகப் பூமிக்கு அனுப்பப்பட்டவள். எட்டாம் மாதப் பௌர்ணமியன்று அவளை அழைத்துப்போக நிலவுலகத்தவர்கள் மேகத்தில் இறங்குகிறார்கள். அவள்மேல் மனம்வைத்த பேரரசர் அவளைக் காக்க நிறுத்திய 2,000 காவலர்களும் வில்லெடுக்கத் தெம்பில்லாமல் நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்குத்தானே இவளை இங்கே விட்டுவைத்தோம் என்கிறார் நிலவின் தலைவர். கிழவர் விடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் வளர்த்திருக்கிறேன், நீங்கள் கொஞ்ச நேரம் என்கிறீர்கள், அப்படியானால் நீங்கள் தேடுவது வேறு ஏதோ காகுயாவாக இருக்கும் என்கிறார். கடுகளவு இருந்தவளைத் தன் உயரத்துக்கு ஆளாக்கியவர் வேறெப்படிப் பேசுவார்?

வந்தவர்கள் கையில் ஓர் இறகாடை. அதைப் போர்த்தினால் மனித மனம் போய்விடும். காகுயா சற்றுப் பொறுக்கச் சொல்லி, அவர்கள் அவசரப்படுத்த அவசரப்படுத்த நிதானமாகப் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். பிறகு ஆடை தோளில் விழுகிறது. கிழவர்மேல் இருந்த இரக்கம் அந்த நொடியே போய்விடுகிறது.

இறப்பவரை அழைத்துப்போக அமிதாப புத்தர் பரிவாரத்தோடு மேகத்தில் வருவதாக ஜப்பானிய பௌத்த ஓவியங்கள் காட்டும். தக்காஹாத்தா இந்தக் காட்சியை அப்படித்தான் வரைந்தார். அப்படியென்றால் இறகாடைதான் விடுதலையா? பற்றை விடு என்று சொல்லும் சமயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆமென்றே தோன்றலாம். ஆனால் புத்தர் ஞானம் பெற்ற இரவில் தம் முற்பிறவிகளை நினைவுகூர்ந்தார் என்பதே பௌத்த மரபு. அவர் எதையும் மறந்து துக்கத்தைத் தாண்டவில்லை. நிலவுக்காரர்கள் தருவது குறுக்குவழி; துக்கத்தோடு சேர்த்து வளர்த்த கையையும் அது துடைத்துவிடுகிறது.

கதை எழுதியவரின் மனம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. காகுயா விட்டுச்சென்ற சாகாமருந்தைப் பேரரசர் குடிக்கவில்லை. அவளில்லாமல் அது எதற்கு என்று, வானுக்கு மிக அருகில் இருக்கும் மலையின் உச்சியில் எரிக்கச் சொல்கிறார். அந்த மலைதான் ஃபூஜி.

குழந்தைக்கு இந்தப் படப்புத்தகம் வாங்குகிறவர்கள் இறகாடைப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.