படம் காட்டாத சர்வரும் இன்மை என்னும் அளவையும்

மானிட்டர் இணைக்க இடமே இல்லாமல் செய்யப்பட்ட சர்வர்கள் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் நெட்ரா டி1, சன் ஃபயர் வி100 ஆகியவை அந்த வகை. இரும்பு அடுக்குகளில் ஆள் பக்கத்தில் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டியவை அவை. திரைக்கான பாகம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. நெடுநாள் கிடப்பில் இருந்த அப்படியொரு எந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தால் ஃபேன் சுழலும், பச்சை விளக்கு எரியும். வேறெதுவும் தெரியாது. உள்ளே ஏதாவது இயங்குகிறதா என்று கேட்கும் கணத்தில், கேட்பவர் அறிந்தோ அறியாமலோ அளவையியலுக்குள் வந்துவிடுகிறார்.

அறிவு எந்த வழியாக வருகிறது என்பதை ஆராயும் துறைக்குத் தமிழில் அளவை என்று பெயர். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி இந்த வழிகளைத் தொகுத்துச் சொல்கிறான். அவற்றில் அபாவம், அதாவது இன்மையை அறிதல், ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியார், பிற அளவைகளை எண்ணிக் காட்டியபின், எல்லாம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார்.

படம் வராத சர்வரிடம் காண்டல் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. மிஞ்சுவது கருதல். புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல, ஃபேன் ஓசையைக் கேட்டு எந்திரம் வேலை செய்கிறது என்று கொள்ளலாமா? கூடாது. மின்சாரம் வந்தாலே ஃபேன் சுழலும். பிராசசர் உறைந்துபோயிருந்தாலும் சுழலும். நெருப்பில்லாத இடத்திலும் தோன்றக்கூடிய புகை அது. தருக்க நூலார் இதைப் போலி ஏது, அதாவது பொய்யான காரணம், என்பார்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு ஒழுங்கற்ற தாளத்தில் மினுக்கினால் அது சற்று வலுவான ஏது. அதுவும்கூட ஏதோ நடக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது.

சிக்கலான பகுதி இன்மைதான். பாட்ட மீமாம்சகர்கள் காணாமையைத் தனி அளவையாக ஏற்றார்கள். ஆனால் ஒரு கடுமையான நிபந்தனையோடு. இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி உடைய பொருளைக் காணாதபோது மட்டுமே அதை இல்லை எனலாம். வெளிச்சமான திண்ணையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால் எதுவும் முடிவாகவில்லை.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலை இந்த நிபந்தனையை நன்றாக விளக்கும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு அப்பால் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது; ஆகவே ஹாரன் அடிக்கிறார். மேலிருந்து பதில் ஹாரன் கேட்டால் வண்டி வருகிறது. கேட்காவிட்டால்? வருபவர் கட்டாயம் பதில் ஹாரன் கொடுப்பவராக இருந்தால் மட்டுமே சாலை காலி என்று பொருள். ஹாரன் பழுதான ஒரு பைக்கும் அதே அமைதியோடுதான் இறங்கி வரும். நல்ல ஓட்டுநர் அமைதி கேட்டபின்னும் இடப்பக்கம் ஒதுங்கியே திருப்புவது இதனால்தான்.

சர்வருக்கும் இதே கணக்கு. திரை இருட்டாக இருப்பதைக் கொண்டு அது செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. திரையில் பேசும் தகுதியே அதற்கு இல்லை. பிங் செய்து பதில் வராததும் சான்றாகாது, ஃபயர்வால் அந்தக் கேள்வியைத் தடுத்திருக்கலாம். அது எந்த வழியாகப் பேசும் இயல்புடையதோ, அந்த வழியில் கேட்டிருக்க வேண்டும். சன் எந்திரங்கள் கீபோர்டு இணைக்கப்படவில்லை என்று கண்டால் தம் பேச்சைச் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிடும். 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 தரத்தைச் சேர்ந்த வழி அது. தகுந்த கேபிளால் மடிக்கணினியை இணைத்து, டெர்மினல் மென்பொருளைத் திறந்து, எண்டர் தட்ட வேண்டும்.

மூன்றாம் அளவையான உரை இங்கே தேவைப்படுகிறது. எந்த வேகத்தில் கேட்பது என்பதை மௌனத்திலிருந்து ஊகிக்க வழியில்லை. 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று கையேடோ முன்பு அதைப் பராமரித்தவரோ சொல்லியிருக்க வேண்டும். ஆப்தர் உரை, அதாவது நம்பத்தக்கவர் சொல், என்று மரபு சொல்வது இதைத்தான். வேகம் தவறினால் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும். பழக்கமில்லாதவர் அதைக் கண்டு கேபிளைப் பிடுங்கிவிடுவார். உண்மையில் அந்தக் குப்பைதான் முதல் நல்ல செய்தி: மறுமுனையில் பேசுகிற ஒன்று இருக்கிறது, கேட்பவரின் அளவுதான் பொருந்தவில்லை. வேகத்தை மாற்றியதும் அதே ஓட்டம் லாகின் என்ற சொல்லாகத் தெளிகிறது. மாறியது கேட்கும் பக்கம்.

நெட்வொர்க் வழியாக நுழையும்போதும் இப்படித்தான். 2015-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0, பலவீனமான பழைய குறியாக்க முறைகள் சிலவற்றை இயல்பு நிலையில் அணைத்துவிட்டது. பழைய சர்வர் அவற்றை மட்டுமே அறிந்திருந்தால், இன்றைய மடிக்கணினி தன் அமைப்பைத் தளர்த்தி அதன் மொழிக்கு இறங்கிச் செல்ல வேண்டும்.

இதே நிபந்தனையை இறைவனைப் பற்றிய கேள்விக்கும் வைத்துப் பார்க்கலாம். இறைவன் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே இல்லை என்ற வாதம் தகுதி நிபந்தனையில் தோற்கிறது. கண்ணுக்குப் புலப்படும் இயல்புடையது அப்பொருள் என்று சைவ சித்தாந்தம் சொல்லவில்லை. ஆனால் இதைக் கொண்டு இறைவன் உண்டு என்று நிறுவிவிட்டதாக எண்ணுவதும் பிழை. வளைவில் கேட்ட அமைதி வண்டி வருகிறது என்பதற்கும் சான்றாகாது. தெரியாமைக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை மறைக்காமல் வைத்திருப்பதே நேர்மையான பக்தி.

ஆனால் சர்வர் உவமை ஓரிடத்தில் முறிகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 6-ஆம் சூத்திரத்தில், சுட்டி அறியப்படும் எதுவும் அசத்து (நிலையற்றது), எவ்வகையிலும் அறியப்படாதது இல்லாத பொருள், சிவம் இரண்டும் அல்லாதது என்கிறது. கேபிளும் கடவுச்சொல்லும் கொண்டு திறக்கும் சர்வர் முழுக்க முழுக்கச் சுட்டறிவுக்கு உட்பட்டது. அதைச் செய்தவர் மனிதர், கையேட்டை எழுதியவரும் மனிதர். சொன்ன வேகம் சரியா என்று ஒரே நிமிடத்தில் சோதித்துவிடலாம். சிவத்தைப் பாசஞானத்தாலும் (உலகப் பொருள் வழி அறிவு) பசுஞானத்தாலும் (உயிரின் சொந்த அறிவு) அறிய முடியாது, பதிஞானத்தால் (இறைவன் அருளும் அறிவு) மட்டுமே அறியலாம் என்பது சித்தாந்தம். அங்கே வேகத்தைச் சரிசெய்வது கேட்பவரின் கையில் இல்லை. உயிரைக் கட்டியிருக்கும் மலம் பக்குவப்படும்போது அருள் தானே வந்து பதிகிறது; அதற்குச் சத்திநிபாதம் என்று பெயர்.