ஊர்க்காரருக்கு ஒரு புத்தகம்

திண்டுக்கல்லில் பஸ் ஏறி, செம்பட்டி வழியாகப் போனால் வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர், 'மணிக்கொடி'யைச் சிறுகதை ஏடாக்கிய பி.எஸ். ராமையா, 'வாடிவாசல்' தந்த சி.சு. செல்லப்பா மூவருக்கும் அதுதான் ஊர். (பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்காதீர்கள்.)

செல்லப்பாவுக்கு ராமையா ஆதர்சம். சுலபத்தில் யாரையும் பாராட்டிவிடுகிற ஆள் இல்லை செல்லப்பா. 1959இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியதே விமரிசனத்துக்காகத்தான். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அப்படிப்பட்டவர் தன் ஊர்க்காரருக்கு மாலை போட்டதோடு நிற்கவில்லை. 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்று தனிப் புத்தகமே எழுதினார். கதை எப்படி ஆரம்பிக்கிறது, எங்கே திரும்புகிறது, ஏன் அங்கே முடிகிறது என்று கடிகாரத்தைப் பிரிப்பவர்போல் ஆராய்கிற ரசனை அது. சிறுகதை என்றால் புதுமைப்பித்தன், மௌனி பெயர்களே ஓங்கி ஒலித்த காலத்தில் ராமையாவுக்காக வாதாட ஒருவர் இருந்தார்.

ரசிகர் என்றால் செல்லப்பா மாதிரி இருக்க வேண்டும். எழுத்தாளரோடு செல்ஃபி எடுப்பதில் தப்பில்லை. ஆனால் உங்கள் அபிமான எழுத்தாளரின் கதைகளில் சுமாரானது எது, ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறதா?