வேரின் அழைப்பு

நண்பனை நோக்கி எழுப்பிய குரல் கள்வன் காதில் விழுந்து, அக்குரலே வழிகாட்டியாக அவன் வந்து வீட்டைக் கொள்ளையிடுவானாயின், அந்த வீட்டுக்காரன் இனி வாய் திறவாமல் இருந்துவிடுவதுதான் தர்மமா? தானத்தையும் தயையையும் பற்றி ஆராய்ந்த நம் பெரியோர் பலரையும் வருத்திய இவ்வினா, மேற்கு ஆப்பிரிக்காவின் மணற்பாங்கான வயல்களில், தட்டைப்பயற்றுச் செடியின் வேரடியில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிதாக எழுகின்றது.

மீனும் இறைச்சியும் வாங்க வகையில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அந்நாடுகளில் உடல்வலிவு தருவது இந்தப் பயறே. நைஜீரியத் தாய்மார் அதை ஊறவைத்து, தோலைக் கசக்கிக் களைந்து, வெங்காயமும் மிளகாயும் கூட்டி அரைத்து, எண்ணெயில் பொரித்தெடுக்கும் ‘அகரா’ நம் வீட்டு வடைக்கு நெருங்கிய உறவு. அந்தப் பயற்றின் சாரத்தை வேரிலேயே உறிஞ்சிவிடும் களை, நம் சோளக் கொல்லைகளில் உழவர் சுடுமல்லி என்று வெறுப்போடு சொல்லும் செடியின் இனத்தைச் சேர்ந்தது. தூசியைப் போன்ற அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு உறங்கும். முளைத்த சில நாட்களுக்குள் ஒரு வேரைப் பற்றாவிடில் மடிந்துபோகும்படியான அற்ப ஆகாரமே அதனிடம் இருப்பதால், அருகில் ஒரு வேர் இருப்பதாகத் தெரிந்தாலன்றி அது கண்விழிப்பதில்லை. விழித்தபின்னும் சில வாரங்கள் மண்ணுக்குள்ளேயே மறைந்திருந்து உண்கிறது; ஆதலால் அதன் பூவை உழவன் காணும்போது பயிருக்கு நேர்ந்த கேடு பெரும்பாலும் நேர்ந்து முடிந்திருக்கும்.

அதை எழுப்புவது யார்? வேரேதான். பருத்தி வேர் கசியவிடும் நீரிலிருந்து, சுடுமல்லி விதையை முளைக்கச் செய்யும் பொருளொன்றை 1966 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். தன்னைக் கொல்லுபவனைத் தானே தட்டி எழுப்பும் பேதைமை ஒரு செடிக்கு ஏன் வாய்த்தது என்ற புதிர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவிழாமலே நின்றது. 2005 இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அதை அவிழ்த்தனர். மண்ணில் வாழ்ந்து, பாஸ்பரஸ் சத்தைத் தேடிக் கொணர்ந்து வேருக்கு ஊட்டி, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை பெறும் ஒருவகைப் பூஞ்சையையே வேர் அப்பொருளால் அழைக்கின்றது. அந்த நட்பின் குரலைத்தான் களையின் விதை ஒட்டுக்கேட்கின்றது. மண்ணில் பாஸ்பரஸ் குறையக் குறைய அழைப்பு வலுக்கும் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. வறிய நிலத்தில் நிற்கும் செடியே உரக்கக் கூவுகிறது. உரக்கக் கூவுவதையே பகையும் தேடி வருகிறது. கடனுக்குக் கைநீட்டும் ஏழையை வஞ்சகர் முதலில் சூழ்ந்துகொள்வதை நாம் மனிதரிடையே கண்டதில்லையா?

களையை எதிர்க்கும் பயிரை உருவாக்க முனைந்தவர்களுக்கு இரண்டு வழிகள் தென்பட்டன. ஒன்று, வேரின் குரலையே தணிப்பது. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஃபாபா மொச்சையை அழிக்கும் ஓரோபாங்கி என்ற களைக்கு எதிராக, அழைப்புப் பொருளை மிகக் குறைவாகக் கசியும் மொச்சை வகைகள் இவ்வாறு பயன்படக்கூடும் என்று 2014 இல் காட்டப்பட்டது. அது பயனுள்ள வழி. உழவனுக்கு உதவும் எதையும் நான் இகழமாட்டேன். ஆயினும் பகைவனுக்கு அஞ்சி ஊமையான வேர், நண்பனை அழைக்கும் வன்மையிலும் குறைந்துபோகலாம். செழித்த நிலத்துக்கு அக்குறை பெரிதன்று, வறண்ட நிலத்துக்கோ அது பெருநஷ்டம்.

மற்றொரு வழியைக் காட்டியது, போட்ஸ்வானா நாட்டில் மரபாகப் பயிரிட்டு வந்த பி301 என்னும் தட்டைப்பயறு. களையின் முளை வந்து தொட்டு, உள்ளே துளைக்க முற்படும் அந்த ஒரு புள்ளியில், அதன் வேரின் உயிரணுக்கள் பழுப்பேறித் தாமே மடிகின்றன. மடிந்த அணுக்களைத் தாண்டிச் செல்லவியலாத களையும் அங்கேயே வாடிவிடுகிறது. கடுகளவு தியாகத்தால் முழு வேரும் பிழைக்கிறது. வேர் நஞ்சைத் தூவவில்லை, எவரையும் துரத்தவில்லை. தன் வாசலில் நின்று ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிற்று. களையும் ஒரு ஜீவன், பசியே அதன் பிரகிருதி என்பதை ஒப்புக்கொள்ளும் அகிம்சாவாதியும் இந்த மறுப்பில் துவேஷத்தைக் காணமாட்டார். பாத்திரமறிந்து பிச்சையிடு என்ற பழமொழி பிச்சையிடுவதை நிறுத்தச் சொல்லவில்லையே!

ஆனால் ஒருமுறை பெற்ற விவேகம் என்றைக்கும் போதும் என்று இறுமாந்திருக்கவும் இடமில்லை. பெனின் நாட்டின் ஸக்போட்டா வட்டாரத்தில் தோன்றிய ஒரு களைக் குலம் பி301 இன் காவலையும் கடந்துவிட்டது. வேரின் எச்சரிக்கை உணர்வையே அடக்கிவிடும் ஒரு புரதத்தை அது உள்ளே செலுத்துகிறது என்று பின்னர் அறிந்தார்கள். ஆகவே பயிர் விருத்தியாளர்கள் வேறு பயற்று வகைகளின் தடுப்பு மரபணுக்களைத் தேடி, பழைய நாட்டு விதைகளை மறுபடியும் வயலில் இட்டுச் சோதிக்கிறார்கள். நல்லது நிலைத்திருக்க வேண்டுமாயின் அதைக் காப்பவன் நாள்தோறும் விழித்திருக்க வேண்டும். இது வேருக்கும் பொது, நமக்கும் பொது.

ஏமாற்றப்பட்டோம் என்பதற்காக இதயத்தைப் பூட்டிக்கொள்ளும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அழைப்பதை நிறுத்தாதீர்கள், வருபவனை வாசலில் அறிந்துகொள்ளும் அறிவை வளர்த்துக்கொள்ளுங்கள். அந்த அறிவை ஏழை நாடுகளின் பயற்றுக்குத் தந்தது, பெயர் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஒரு பிடி விதை. அத்தகைய விதைகளைக் காப்பாற்றுவது நம் காலத்தின் கடமை.