பிண்ணாக்கும் குழூஉக்குறியும்

திருச்சிக்காரரிடம் அரியமங்கலம் என்று சொல்லிப் பாருங்கள். பெயரில் இருக்கும் மங்கலம் யாருக்கும் ஞாபகம் வராது. மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான் வரும். சுமார் 47 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த மலை அது. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சுடுகாட்டை நன்காடு என்பதுபோல, ஆகாததை நல்ல சொல்லால் குறிப்பதற்கு நன்னூல் தரும் பெயரே 'மங்கலம்'தான். அதே இடத்தில் இன்னொன்றையும் சொல்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்களாம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியக் கூடாது, அவ்வளவுதான்.

ராப் பாட்டின் உள்ளர்த்தம் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இந்தக் குழூஉக்குறியை விட்டுவிட்டு உடனே சிலேடைக்குப் போய்விடுகிறார்கள். "காளமேகம் செய்யாததா?" எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

காளமேகத்துக்கு இந்த ஊர்ப் பக்கம்தான் புழக்கம். ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர், ஆற்றின் நடுவே அதே தீவிலுள்ள திருவானைக்காவுக்கு மோகனாங்கி என்ற பெண்ணின் மேல் கொண்ட காதலால் போய்ச் சைவரானார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்தார். பாம்பு ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள்ளும் செக்கில் ஆடி, எண்ணெயாகக் குடத்துக்குப் போகும். தலைக்கு ஏறினால் விஷமும் பரபரக்கும், எண்ணெயும் பரபரக்கும். உச்சம் 'பிண்ணாக்கு'. எள்ளுக்கு அது ஆட்டி முடித்த சக்கை. பாம்புக்கோ பிள் நாக்கு, அதாவது பிளவுபட்ட நாக்கு. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பிரிக்கும் இடம்தான் மாறுகிறது. ராப் பாடகன் மூச்சை எங்கே நிறுத்துகிறான் என்பதில் அர்த்தம் புரள்வதும் இதே வித்தைதான்.

ஆனால் காளமேகம் எதையும் ஒளிக்கவில்லை. பாம்பு, எள் இரண்டின் பெயரையும் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். அது சபையில் காட்டும் சாமர்த்தியம். கைதட்டல் இரண்டு பொருளும் தெரிந்த பிறகுதான். ராப்பில் இரண்டாவது பொருளை யாரும் அறிவிப்பதில்லை. தெரிந்தவன் சிரிப்பான், தெரியாதவன் தாளம் போடுவான். அது குழூஉக்குறிக்குத்தான் நெருக்கம்.

இந்த ரகத்தில் நம்மூர் கெட்டிக்காரர் ஸ்ரீரங்கத்து வாலி. 1966இல் 'அன்பே வா' படத்துக்கு அவர் எழுதிய பாட்டில் உதயசூரியன் உதித்தது. சிம்லாக் காட்சி, காலை வெயில், அப்பாவியான வர்ணனை. பாடுபவர் எம்.ஜி.ஆர்., சின்னம் தி.மு.க.வுடையது. தணிக்கைக்காரர்களுக்கும் குறி தெரிந்திருந்ததால் 'உதய' போய் 'புதிய' வந்தது. அரங்கில் இருந்தவர்கள் பழைய சொல்லையே கேட்டுக்கொண்டார்கள்.

அதே வாலியின் 'மடை திறந்து' (நிழல்கள், 1980) வாய்ப்புக்கு அலையும் இசைக்கலைஞன் ஒருவனின் பகற்கனவு. 2006இல் மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 'வல்லவன்' தொகுப்பில் அந்த இளையராஜா மெட்டின் மேல் ராப் போட்டார்கள். படம் பார்த்தவனுக்கு அங்கே இரண்டாவது கனவும் கேட்கும்: எங்களுக்கும் ஒரு மேடை வேண்டும் என்ற மலேசியத் தோட்டக்காட்டுத் தமிழர்களின் பேரப்பிள்ளைகளது கனவு. பழைய பாட்டை எடுத்தாள்வது ஹிப்-ஹாப்பின் பிறவிக்குணம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில் கூல் ஹெர்க் தொடங்கி வைத்ததே பழைய இசைத்தட்டுகளைத் திருப்பித் திருப்பி ஓட்டித்தானே. பப்ளிக் எனிமியின் 'ஃபைட் த பவர்' (1989) என்ற தலைப்பு ஐஸ்லி பிரதர்ஸ் 1975இல் பாடியது.

ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'க்கு (2021) வருவோம். கல்யாண வீடுகளில் அதற்கு ஆடாதவர் இல்லை. தலைப்பில் ஆங்கிலக் கொண்டாட்டமும் 'என் சாமி'யும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சாமி என்பது பேரனைக் கொஞ்சும் சொல். நிலக்காரர் முன் கைகட்டி நின்றவர்கள் வாயில் வந்த சொல்லும் அதுவே. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். இது தெரிந்தவருக்கு அந்தத் துள்ளலின் அடியில் ஒப்பாரி கேட்கும். நிலத்தை விளைய வைத்தவருக்கு நிலம் ஏன் இல்லை என்ற வழக்கும் கேட்கும். ஆடுகிற கூட்டத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைப் பற்றி அந்தப் பாட்டு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.