ஆயுதத்தின் வயதும் அளவை நூலும்

பழைய ஆயுதம் ஒன்றின் காலத்தைக் கணிப்பது எவ்வகை அறிவு என்னும் வினா, அருங்காட்சியகத்தாரைப் போலவே அளவை நூலாருக்கும் உரியது. அளவை என்பது அறிவு பெறும் வழி. சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் பல அளவைகளைச் சொல்லி, அவற்றை நேரில் அறியும் காண்டல், அடையாளத்தால் உய்த்துணரும் கருதல், நம்பத்தக்கார் கூற்றாகிய உரை என்னும் மூன்றில் அடக்குகிறது.

ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகளில், படைவீரர்கள் தம் காசில் வாங்கிச் சீருடையோடு இடுப்பில் அணிவதற்கென்றே செய்யப்பட்ட அலங்காரப் பயனெட்டுகளில், அதாவது துப்பாக்கி முனைக் கத்தியின் வடிவில் அமைந்த, போருக்கு உதவாத கத்திகளில், பெரும்பாலும் ஆண்டு பொறிக்கப்படுவதில்லை. ஆகவே, சான்றாக, அவ்வூர் ஐக்ஹார்ன் நிறுவனம் செய்த கத்திகளின் காலம், அதன் அணில் முத்திரை காலந்தோறும் உருமாறியதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. இது கருதல். முத்திரைக்கும் காலத்துக்கும் இடையே, வடநூலார் வியாப்தி எனும் நீங்காத் தொடர்பு இருந்தால் மட்டுமே இது நிற்கும். பனியைப் புகையென்று கண்டு நெருப்பை ஊகிப்பவனின் பிழை போலி முத்திரையில் ஏமாறுபவனுக்கும் நேர்கிறது.

அடையாளம் மெய்யாக இருந்தும் கருதல் வழுவுவதுண்டு. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் பிறந்த திப்பு சுல்தான், ஹிஜ்ரியை விடுத்து, நபியின் பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டை வழக்கில் கொண்டுவந்தார். அவர் காலத் துப்பாக்கியில் 1222 என்றிருப்பதை ஹிஜ்ரியாகக் கொண்டால் 1807 வருகிறது. திப்பு இறந்ததோ 1799இல். மௌலூதியாகக் கொண்டால் அது ஏறத்தாழ 1794.

திப்புவின் பள்ளியறை வாள் 2023இல் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனபோது, அலகின் வேலைப்பாட்டோடு, திப்புவை வென்ற பின் அது பிரிட்டிஷ் தளபதி டேவிட் பேர்டுக்கு வழங்கப்பட்ட செய்தியும் விலையை உயர்த்தியது. அந்த அளவில் விலைக்கு வித்தாக இருந்தது உரையே எனலாம்.

வயதே பொருட்டாகாத வாளும் உண்டு. பெங்களூரின் திகளர்பேட்டையில், தமிழ் வேர் கொண்டவராகக் கருதப்படும் திகளர் சமூகத்தார் தர்மராயர் கோயிலில் எடுக்கும் கரக விழாவில், வீரகுமாரர்கள் உருவிய வாளோடு கரகத்தைக் காத்து ஓடுவதும், வெற்று மார்பில் வாளால் அறைந்துகொள்வதும் திரௌபதிக்குச் செய்யும் நேர்ச்சை. அவ்வாளின் வயதை அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை, ஏனெனில் சடங்கின் தகுதியை அதற்குத் தருவது இரும்பின் வயதன்று, ஏற்றவரின் விரதமே. நேற்று அடித்த வாளும் அங்கே குறைவுடையதாகாது. ஆயினும் அது புனிதமானது என்பதைக் காட்டியே பழமையானது என்று ஒருவர் நிறுவ முற்பட்டால், கருதலுக்குரிய இடத்தில் உரையை வைத்தவராவார்.