சிறகு முளைத்த குதிரையும் செல்போனும்



எல்லாப் புகழும் ஏக வல்லோன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

போர்ப் பயணம் ஒன்றிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் இல்லம் திரும்புகிறார்கள். அது தபூக்கா, கைபரா என்பதில் அறிவிப்பாளருக்கே ஐயம் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மாடத்தை மறைத்திருந்த திரை காற்றில் விலகுகிறது. உள்ளே பொம்மைகள். நடுவில் ஒரு குதிரை. அதற்குத் துணித் துண்டால் இரண்டு சிறகுகள்! இது என்ன என்று வினவினார்கள் அண்ணலார். குதிரை என்றார்கள் அன்னையார். குதிரைக்குச் சிறகா என்று மீண்டும் கேட்டார்கள். சுலைமான் நபி (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள் அன்னையார். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துவிட்டார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீது இது.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எப்போதோ காதில் விழுந்த ஒரு வரலாறு மனத்தில் ஊறிக் கிடந்து, ஒரு நாள் கந்தல் துணியில் சிறகாக முளைத்திருக்கிறது. பெரும் படையை நடத்தித் திரும்பிய களைப்பிலும், வீட்டுத் தலைவர் பொம்மையைப் பற்றி வினவி, பதிலைக் கேட்டு, மகிழ்ந்து சிரிக்கிறார்கள். கதை, கைவேலை, கேட்பதற்கு ஓர் ஆள் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடின.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நமது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது: "ஹஜ்ரத், பிள்ளைக்குச் செல்போன் கொடுப்பது கூடுமா?" விசாரித்தோம். பொம்மை உருவமாயிற்றே, வீட்டில் மலக்குகள் வரமாட்டார்களே என்று நன்னி பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டார். பிள்ளை அழுதது. அழுகையை நிறுத்தச் செல்போனைக் கையில் கொடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை இப்போது அது இல்லாமல் சோறு தின்பதில்லை.

ஒரு கந்தல் பொம்மைக்குப் பயந்த வீட்டில், ஆயிரம் உருவங்கள் ஆடிப்பாடும் பெட்டி பிள்ளையின் மடியில் உட்கார்ந்துவிட்டது! சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளை, அன்னையாரின் ஹதீதைக் கொண்டே, இமாம்களில் பெரும்பாலோர் அனுமதித்திருக்கிறார்கள். தடுத்தவர்களும் உண்டு, ஆனால் தடுத்தவர்கள் யாரும் பதிலாக இதைக் கொடுக்கச் சொல்லவில்லை.

அந்தத் தாயை நாம் ஏச மாட்டோம். பஞ்சாலையில் ஷிப்டு, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி, வீட்டில் அடுப்படி என்று நாள் ஓடுகிறது. அத்தாவோ வளைகுடா நாட்டில். ஒரு கைக்குப் பத்து வேலை இருக்கும்போது பிள்ளை அரை மணி நேரம் சும்மா இருந்தால் போதும் என்றாகிவிடுகிறது. ஆனால் அந்தச் 'சும்மா'தான் நம்மை அச்சுறுத்துகிறது. ஒரு படம் முடியுமுன் அடுத்த படம் தானே வந்து விழுகிறது. பிள்ளை கேள்வி கேட்க இடமில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. குதிரைக்குச் சிறகைப் படம் எடுத்தவனே ஒட்டிவிடுகிறான். பிள்ளைக்கு வேலை எதுவும் மிச்சமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஓர் அளவு கூறியது. 2 வயது நிறையாத பிள்ளைக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம், கைக்குழந்தைகள் உறவினரோடு எப்போதாவது முகம் பார்த்துப் பேசுவதை மட்டும் விலக்காக்கியிருக்கிறது. கடல் கடந்து உழைக்கும் அத்தாமார்களுக்கு இது ஆறுதல். அவர்களுக்கு ஒரு வார்த்தை: "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு வைத்துவிடாதீர்கள். இன்று என்ன செய்தாய், எனக்குக் காட்டு என்று கேளுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி அதுதானே!

அப்படியானால் கருவியே ஆகாதா? அப்படி நாம் சொல்லவில்லை. கத்தியைப் போலத்தான் அதுவும்; யார் கையில், எதற்கு என்பதே கேள்வி. அமெரிக்காவின் எம்.ஐ.டி., டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற செயலி இருக்கிறது. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது, காசில்லை. எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை தானே ஒரு குதிரையை வரையலாம், வண்ணம் தீட்டலாம், கட்டங்களை வரிசையாகக் கோத்து அதை ஓடவும் தாவவும் செய்யலாம், தன் குரலையும் பதிக்கலாம். கட்டம் தவறினால் குதிரை எதிர்ப்பக்கம் ஓடும். ஏன் என்று பிள்ளை யோசிக்கும். இங்கே சிறகு ஒட்டுகிறவன் பிள்ளை. (நபிமார்களின் உருவையும் குரலையும் மட்டும் விளையாட்டுக்கும் செய்ய விடாதீர்கள்.) இதற்குப் பெரிய திரையுள்ள டேப்லெட் வேண்டும். எல்லா வீட்டிலும் அது இருக்காது.

இருக்கும் செல்போனே போதும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அம்மா மடியில் வைத்து வாசியுங்கள். பாதியில் நிறுத்தி, அப்புறம் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் முடிவைச் செல்போனிலேயே பதிந்து, இரவில் நன்னிக்குப் போட்டுக் காட்டுங்கள். செண்பகத்தோப்புப் பக்கம் போனால் சாம்பல் அணில் மரக்கிளைகளில் இலையும் சுள்ளியும் சேர்த்துக் கூடு கட்டியிருப்பதைப் படம் பிடித்து வாருங்கள். ஒரு தடவை காட்டுங்கள்; அணைத்துவிடுங்கள். பிறகு தலையணையும் போர்வையும் கூடாகட்டும், பிள்ளை அணிலாகட்டும்!

விளையாட்டு வீண் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வைப் புரட்ட வேண்டும். ஓதி முடித்த பிள்ளையைக் களைப்புத் தீர விளையாட விட வேண்டும், தடுத்தால் உள்ளம் செத்துக் கூர்மை மழுங்கும் என்ற கருத்தைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அன்னவர்கள் எழுதிவிட்டார்கள். ஆஷூரா நோன்பில் பசித்தழுத பிள்ளைகளுக்கு ஸஹாபிப் பெண்மணிகள் கம்பளி மயிரால் பொம்மை செய்து கொடுத்ததும் புகாரியில் இருக்கிறது. திரை இல்லாத காலத்தில் அழுகைக்கு அவர்கள் கண்ட மருந்து அது.

மக்தப் உஸ்தாதுமார்களும் கவனிக்கட்டும். யானைப் படையின் வரலாற்றைச் சொன்ன அன்று அந்த அத்தியாயத்தை ஒப்புவிக்கச் சொல்வதோடு அரை மணி நேரம் மணலும் கூழாங்கல்லும் கொடுத்துப் பாருங்கள். சத்திரப்பட்டித் தறிகளில் கழிக்கும் துண்டுத் துணியைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அபாபீல் பறவைகளுக்குச் சிறகு செய்ய அது போதும்.