புடம் போட்டால் உறுதி வருமா?

துன்பம் மனிதனைப் புடம் போட்டு உறுதியாக்கும் என்று எல்லாச் சமயத்துப் பிரசங்கங்களிலும் கேட்கிறோம். குறளின் தவ அதிகாரமும் விவிலியத்தின் யோபு ஆகமமும் நெருப்பிலிட்ட பொன்னைக் காட்டுவது உண்மைதான். ஆனால் பொன் அங்கே ஒளிக்கும் மாசின்மைக்கும்தான் உவமை, உறுதிக்கு அல்ல. வள்ளுவர் சொல்வதும் நோன்பைத் தாமே ஏற்றவரை. இடி விழுந்த வீட்டாரை அல்ல. உறுதியைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அலுமினியத்தைக் கேட்கலாம்.

1906-ல் பெர்லினை அடுத்த நொய்பாபெல்ஸ்பெர்கில் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை எஃகைப் போலவே சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார். எஃகு உடனே இறுகும், இது இறுகவில்லை. ஓரிரு நாள் கழித்து அளந்தபோது கடினம் ஏறியிருந்தது. இடையில் யாரும் எதுவும் செய்யவில்லை. சுமார் 500 டிகிரி வெப்பத்தில் செம்பு அலுமினியத்துக்குள் கரைகிறது. குளிர்ந்த வேகத்தில் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பிறகு அதன் அணுக்கள் மெல்ல நகர்ந்து நுண்திரள்களாகக் கூடி, உலோக அடுக்குகள் வழுக்காமல் தடுக்கின்றன. அந்தத் தடைதான் உறுதி. நெருப்பு செய்தது கரைத்தது மட்டுமே. அதுவும் அளவு மீறினால் படிகங்களின் எல்லைகள் உருகிவிடும். அப்படிக் கெட்ட துண்டை எந்தப் பக்குவமும் மீட்காது. கலப்பில்லாத அலுமினியமோ, எத்தனை முறை சுட்டாலும் இளகத்தான் செய்யும்.

மனிதன் உலோகமல்ல, உவமையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பார்கள். சரிதான், ஆனால் உலோகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்கள் பிரசங்கிகள். குறுக்கு விசாரணைக்கு அவர்கள் இடம் தந்தாக வேண்டும். இன்னொரு மறுப்பு கனமானது: சூடு இல்லாமல் அந்தக் கலவை இறுகவே இறுகாதே? ஆம். 6061 என்ற இன்னொரு அலுமினியக் கலவையைச் சுட்டு, நீரில் அமிழ்த்தி, 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்தால், சுமார் 55 மெகாபாஸ்கலாக இருந்த இளகுவலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) 275-ஐத் தொடுகிறது. அந்த இரண்டாம் கட்டமும் சூடுதான். ஆனால் அது கணக்காகக் கொடுத்த இளஞ்சூடு; நீட்டித்தால் திரள்கள் பருத்து வலிமை மறுபடி இறங்கும். ஆக, சூடு தேவை என்பதிலிருந்து சூடே உறுதி தருகிறது என்று ஆகாது. உள்ளே என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு சூடு, பிறகு எத்தனை அவகாசம் என்ற மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

துக்க வீட்டில் உட்கார்ந்து, "இதெல்லாம் உன்னை உறுதியாக்கத்தான்" என்று சொல்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. அவர் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது.